பன்னிரண்டுக்கு உட்பட்ட தேதிகள்

மார்ச் 2, திங்கள்

அலுவலகக் கதவைத் திறக்கும்போதே மூன்று தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன. மாலை வரை ஓயவில்லை. உடுமலை நகைக்கடை, ஈரோட்டு ஜவுளி வியாபாரி, ஒரு பல் மருத்துவர், இன்னும் யார் யாரோ. எல்லோருக்கும் ஒரே புகார். இணையதளம் திறக்கவில்லை, காலாவதி ஆகிவிட்டது என்று காட்டுகிறது. நகைக்கடைக்காரர், "போன நவம்பர்ல தானுங்க ஒரு வருசத்துக்குக் கட்டினேன். அதுக்குள்ள எப்படிங்க முடியும்?" என்றார். பார்க்கிறேன் என்று சொன்னேன். நாள் முழுக்க அதையேதான் சொன்னேன்.

இணையதளங்களுக்குப் பெயர் பதிவுசெய்து தருவதுதான் எங்கள் தொழில். டொமைன் என்பார்கள். பெயரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விட்டால் கொஞ்ச காலம் அவகாசம், அதுவும் போனால் பெயர் ஏலத்துக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைதான் பழைய மென்பொருளை மாற்றிப் புதியதைப் போட்டார்கள். அதை எழுதியவன் ஃபிரோஸ். காலையிலிருந்து அவன் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஜெகதீசன் சார் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

ஆறு மணிக்கு என் கணவர் கீழே வண்டியோடு காத்திருப்பார். இன்று இறங்கத் தாமதமாகிவிட்டது. ஒரு அழைப்பைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

மார்ச் 3, செவ்வாய்

முழுக்கைச் சுடிதார். "இந்த வெயில்ல ஏனுங்க்கா?" என்று ஃபிரோஸ் கேட்டான். ஏசி குளிர்கிறது என்றேன். நேற்று குக்கரை அவசரப்பட்டுத் திறந்துவிட்டேன், ஆவி பட்டுவிட்டது. அதை அவனிடம் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மகள் இதழினிக்குக் கணக்குத் தேர்வு. பின்னம் வராது அவளுக்கு.

மார்ச் 4, புதன்

ஃபிரோஸ் கண்டுபிடித்துவிட்டான். நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன.

நாம் 1-12 என்று எழுதினால் டிசம்பர் ஒன்று. புதிய மென்பொருள் அதை ஜனவரி பன்னிரண்டு என்று படித்திருக்கிறது. ஜனவரி போய்விட்டது, அவகாசமும் போய்விட்டது, ஆகவே பெயரை ஏலத்துக்கு அனுப்பிவிட்டது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை, தானாகவே. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகளை மட்டும் சரியாகப் படித்துவிட்டது. ஃபிரோஸ் சோதனைக்கு எடுத்த பெயர்கள் எல்லாம் மாதக் கடைசியில் முடிபவை. எல்லாம் தேறிவிட்டன.

மதியத்துக்குள் சரிசெய்துவிட்டான். பெரும்பாலான தளங்கள் திரும்ப வந்துவிட்டன. ஆனால் மாதத்தின் முதல் தேதியில் முடிவதால் ஜனவரி என்று படிக்கப்பட்ட பெயர்கள் நாற்பத்துச் சொச்சம் ஏலத்தில் கைமாறிவிட்டன. அவற்றை நாம் நினைத்தால் எடுக்க முடியாது.

ஜெகதீசன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "வாணி, அந்த நாப்பது பேருக்கும் ஒரே பதில்தாம்மா. புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் அனுப்பினோம், நீங்க கவனிக்கலைனு சொல்லிரு. ஏலத்துல எடுத்தவங்ககிட்ட பேசி வாங்கிக்கச் சொல்லு."

"நினைவூட்டல் போகலையே சார்."

"போகலைனு அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்பேம்ல இருந்திருக்கும்னு நினைச்சுக்குவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கொடுத்தவர். அவரும் என் கணவரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் எட்டு வருடம் வீட்டில் இருந்த என்னை இங்கே எடுத்துக்கொண்டார். 'ஜெகதீசன் ஆபீஸ்னா சரி' என்று இவரும் விட்டார்.

பதிலைத் தட்டச்சு செய்தேன். கீழே என் பெயர். கோகிலவாணி, வாடிக்கையாளர் சேவை.

மார்ச் 5, வியாழன்

பதில் அனுப்புவதே வேலை. நடுவில் நான்கு முறை எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்தேன். பாட்டில் நிரம்பித்தான் இருந்தது.

இந்தக் குறிப்பேட்டை இழுப்பறையில் பழைய கையேடுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வீட்டில் எழுத நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரி வேலை செய்கிறதா என்று சோதிக்க நான்கு வரி எழுதி அனுப்பினேன்.

'கேட்கிறேன்' என்று ஒரு தளம். திண்டுக்கல்லில் லூர்து மேரி அம்மா நடத்துவது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அடி உதை படும் பெண்கள் அவருக்கு எழுதுவார்கள். அவர் பதில் எழுதுவார், வேண்டியிருந்தால் தங்க இடம் ஏற்பாடு செய்வார். தளத்தில் அலங்காரம் எதுவும் இல்லை, ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும். கைப்பேசியைக் கணவர் நோண்டும் வீடுகளில் அழைப்பைவிட அதுதான் பத்திரம் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அனுப்பி முடிப்பதற்குள் ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்து விழுந்தது. இந்தப் பெயர் விற்பனைக்கு உள்ளது, வாங்க விரும்புவோர் அணுகவும்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன். ஃபிரோஸ் தயாரித்த பட்டியலைக் கடைசிப் பக்கம் வரை உருட்டினேன். டிசம்பர் ஒன்று. இருக்கிறது.

டொமைன் கைமாறினால் அதன் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் கூடவே கைமாறும். வீடு விற்றபிறகு பழைய விலாசத்துக்கு வரும் தபால் புதிதாக வந்தவர் கையில் கிடைப்பதுபோல. திங்கட்கிழமையிலிருந்து யார் யார் அந்த அம்மாவுக்கு என்னென்ன எழுதினார்களோ, எல்லாம் யாரோ ஒருவரிடம் இருக்கிறது.

நான் அனுப்பியது சோதனை அஞ்சல்தான். அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

சனி, ஞாயிறு வீட்டில். தூங்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

காலையில் லூர்து மேரி அம்மா அழைத்தார். எப்போதும் முதலில் என் மகளைப் பற்றி விசாரிப்பார். இன்று விசாரிக்கவில்லை.

"வாணியம்மா, ஒரு வாரமா எனக்கு ஒரு மெயில்கூட வரலை. சைட்டைத் தொறந்தா விக்கிறோம்னு போட்ருக்கு. நான் பணம் கட்டிட்டேனே."

தட்டச்சு செய்து வைத்திருந்த பதில் கண்முன்னே இருந்தது. நினைவூட்டல் அனுப்பினோம், தாங்கள் கவனிக்கவில்லை. படித்தேன். ஆமாம், அவருக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி, என் தப்பாவே இருக்கட்டும். இப்ப அது யாருகிட்ட இருக்கு? அதைச் சொல்லுங்க. ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒரு பொண்ணு, வளர்மதின்னு பேரு, புதன்கிழமை எனக்கு எழுதியிருக்கா. பதிலுக்கு எவனோ இங்கிலீஷ்ல ஒரு மெயில் அவ போனுக்கு வந்திருக்கு. புருசன் பாத்துட்டான். வெளியூர்க்காரன் எவன்கூடவோ தொடர்புன்னு சொல்லி அடிச்சு, கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடக்குறா. அங்க இருந்து நர்ஸ் ஒருத்தி போன் போட்டுத்தான் எனக்கே தெரியும்."

வளர்மதி, ஒட்டன்சத்திரம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

"இன்னும் எத்தனை பேரு எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. அவங்களுக்கும் அந்த மெயில் போயிருக்கும்ல?"

போயிருக்கும் என்றேன். பார்க்கிறேன் என்றேன்.

சோதனை அஞ்சல் அனுப்பிய மின்னஞ்சல் கணக்கைக் கைபேசியில் சேர்த்திருக்கிறேனா என்று கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். இல்லை. அலுவலகக் கணினியில்தான் திறந்திருந்தேன். வெளியே வந்து முகம் கழுவினேன். மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஜெகதீசன் சாரிடம் சொன்னேன், வளர்மதியைப் பற்றி. கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவந்தாம்மா. ஆனா நாம என்ன பண்ண முடியும்?"

"ஏலம் நடத்துற கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டாப் போதும் சார். எங்க மென்பொருள் தப்பு, பேரு காலாவதி ஆகவே இல்லைனு நாம எழுத்துல ஒத்துக்கிட்டா அவங்க வித்ததை ரத்து பண்ணிருவாங்க. விதியிலயே இருக்கு."

"ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டா மிச்சத்துக்கும் ஒத்துக்கணும். அப்புறம் நாப்பது பேரும் கேஸ் போடுவான். லைசென்ஸ் போயிரும். இங்க பதிமூணு குடும்பம் இதை நம்பி இருக்குது, உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏம்மா, கண்ணுக்குக் கீழ என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன் சார்."

"பாத்துப் போம்மா," என்றார்.

வளர்மதி நர்ஸிடம் முதலில் என்ன சொன்னாளோ தெரியவில்லை. வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருப்பாள்.

மார்ச் 11, புதன்

'கேட்கிறேன்' என்ற பெயரை ஏலத்தில் எடுத்தவரின் எண் கிடைத்தது. சசிதரன், பெங்களூரு. காலாவதியாகும் பெயர்களை ஏலத்தில் வாங்கி விற்பதுதான் அவர் தொழில். தமிழ்க்காரர். மாடிப்படிக்குப் போய் அலுவலகக் கைபேசியிலிருந்து பேசினேன்.

முதலில் விலை சொன்னார். நான் வாங்க அழைக்கவில்லை என்றேன். அது யாருடைய முகவரி, யார் அதற்கு எழுதுகிறார்கள் என்று சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"இருக்கேங்க. ஒரு பேருக்கு எவ்வளவு மெயில் வருதுன்னு பாக்கறதுக்காக எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குத் திருப்பி விடுவோம். அதுல ரெண்டு படிச்சேன். அதுக்கு மேல படிக்க முடியலை. என்ன பண்றதுன்னும் தெரியலை, அப்படியே விட்டுட்டேன்."

"அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்துங்க. அதனால ஒரு பொண்ணுக்குக் கை ஒடிஞ்சிருக்கு."

"இப்பவே நிறுத்தறேன்." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "நிறுத்திட்டேங்க. ஆனா பேரைச் சும்மா மாத்திக் குடுக்க எனக்கு வழியில்லை. பணம் போட்டிருக்கேன். உங்க கம்பெனி தப்பை ஒத்துக்கிட்டு ஒரு மெயில் போட்டா ஏலம் ரத்தாகும், என் பணமும் வந்துரும். நான் குறுக்க நிக்கமாட்டேன். அதுவரைக்கும் வர்ற மெயிலைத் தொடமாட்டேன்."

நன்றி சொல்லி வைக்கப்போனேன்.

"மேடம், அதுல ஒண்ணு கோயம்புத்தூர்ல இருந்து. பேரு போடலை. நாலே வரி. குழந்தையோட வந்தா எடுத்துக்குவீங்களான்னு கேட்டிருக்காங்க. அவங்களுக்காவது சீக்கிரம் யாராவது பதில் சொல்லுங்க."

"அது சோதனை அஞ்சலா இருக்கும்" என்றேன்.

"சோதனை மாதிரி தெரியலைங்க," என்றார்.

மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழ்த்தளத்தில் யாரோ தேங்காய் உடைத்தார்கள், புதுக்கடை திறப்பு போலிருக்கிறது. எழுந்து போய் இன்னும் ஆறு பேருக்கு, தாங்கள் கவனிக்கவில்லை என்று பதில் அனுப்பினேன்.

மார்ச் 12, வியாழன்

ஃபிரோஸை டீ குடிக்கக் கூப்பிட்டேன். பழைய மென்பொருளில் இருந்த தேதிகளை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மே மாதம் அவனுக்குக் கல்யாணம்.

"எம்மேலதானுங்க்கா விழும்."

"உன் பேரு எழுதமாட்டேன். நாளும் மாசமும் மாறிப்போச்சுன்னு மட்டும்தான் எழுதுவேன்."

"பேரு எழுதலைன்னா மட்டும் தெரியாதுங்களா?" டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "நாப்பது பேருக்கு நீங்க பதில் அனுப்பறதை நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். எனக்கும் வீட்டுல சோறு எறங்கலைங்க்கா."

சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே எடுத்துத் தந்துவிட்டான்.

ஏல நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரு பெயருக்காக மட்டும் எழுதினால் அது தயவு கேட்பதுபோல் இருந்தது. பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களையும் சேர்த்தேன். எங்கள் மென்பொருள் நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்தது, இந்தப் பெயர்கள் காலாவதியாகவில்லை, உரிமையாளர்கள் மீது தவறில்லை, தவறு எங்களுடையது. கீழே என் பெயர். வாடிக்கையாளர்களுக்கும் ஒரு நகல்.

அனுப்பியபின் மேசையில் இருந்த கோப்புகளை எல்லாம் அடுக்கினேன். கலைத்துத் திரும்ப அடுக்கினேன். ஆறு மணிக்கு முன்பாகவே கீழே போய் நின்றுகொண்டேன். அவர் வந்து, "என்ன, இன்னைக்குச் சீக்கிரமே எறங்கிட்ட? மேல எவனும் இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்ச் 14, சனி

திண்டுக்கல். நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

நேற்றுக் காலை ஏல நிறுவனத்திலிருந்து ஜெகதீசன் சாருக்கு அழைப்பு வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"நாம பண்ணினது தப்பு சார்."

"தப்புதான். யாரு இல்லைங்கறா? சொல்லணும்னு என்ன?"

வெளியே இருக்கச் சொன்னார். நான் வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கைபேசியை எடுத்து யாரையோ அழைத்தார். பேசும்போது இரண்டு முறை என் பக்கம் பார்த்தார். உதட்டசைவு எனக்கு நன்றாகத் தெரிந்தது. தாமு, என்றார். தாமோதரன் என்பது என் கணவரின் பெயர். பாலிடெக்னிக் நாளிலிருந்து அவர் தாமு என்றுதான் கூப்பிடுவார்.

இவர் அப்போது பெருந்துறையில் பம்ப் செட் விற்க ஒரு கடையில் இருந்திருப்பார். அங்கிருந்து கோவை வந்து சேர எப்படியும் நேரமாகும்.

கைப்பையையும் இந்தக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டேன். எங்கே என்று ஃபிரோஸ் கேட்கவில்லை. எழுந்து போய் மின்தூக்கியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பள்ளியில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றேன். இதழினி விளையாட்டுப் பீரியடிலிருந்து வியர்வையோடு வந்தாள். எந்தப் பாட்டி என்றுகூடக் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து சிங்காநல்லூர் பேருந்து நிலையம். மதுரை வண்டிகள் நின்ற இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழைத்தேன்.

"அம்மா, நான் கோயம்புத்தூர் வாணி பேசறேன். டொமைன் விசயமா இல்லீங்க."

லூர்து மேரி அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தனை பேரு வர்றீங்க?"

"ரெண்டு பேரு."

"ஒட்டன்சத்திரம் தாண்டுனதும் ஒரு போன் போடுங்க. பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்."

பல்லடம் வரும்போது என் கணவரின் முதல் அழைப்பு வந்தது. தாராபுரத்துக்குள் எத்தனை வந்தது என்று பார்க்கவில்லை. கைபேசியை அணைத்துவிட்டேன். இதழினி ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 16, திங்கள்

கைபேசியைத் திறந்தால் அழைப்புகள், செய்திகள். எல்லாம் ஒரே குரலில் இல்லை. சிலது கெட்ட வார்த்தை. கடைசியில் வந்தது: 'கோவத்துல ஏதோ நடந்துபோச்சு. பிள்ளைக்குப் பரீட்சை வருது. வந்துரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.'

பரீட்சை உண்மைதான். இந்த வருடம் வீணாகிவிடும். பேருந்து எத்தனை மணிக்கு என்று லூர்து மேரி அம்மாவிடம் கேட்டேன். தடுக்கவில்லை. அடுத்த வண்டியையும் அதற்கடுத்ததையும் சொன்னார். துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தேன். எடுத்துவந்ததே பள்ளிப்பையும் கைப்பையும்தான், துணி எல்லாம் அந்த அம்மா கொடுத்தது.

அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வளர்மதியைக் கூட்டிவந்தார்கள். முழங்கை வரை மாவுக்கட்டு. என்னைவிடச் சின்னவள். சாப்பாடு போட்டேன். இடது கையால் சாப்பிடப் பழகவில்லை, பிசைந்து கொடுத்தேன். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு வந்த அந்த இங்கிலீஷ் மெயிலு எங்க ஆபீஸ் பண்ணின தப்பால வந்துச்சு. அந்த ஆபீஸ்லதான் நான் இருந்தேன்."

அவள் மென்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அது வரலைன்னா கொழம்புல உப்பு இல்லைன்னு அடிச்சிருப்பாருக்கா. உங்க மெயிலா அடிச்சுச்சு?" பிறகு என் பையைப் பார்த்தாள். "கெளம்புறீங்களா? நானும் மூணு தடவை திரும்பிப் போனேன்."

வேறொன்றும் சொல்லவில்லை. மோர் கேட்டாள்.

பேருந்து நேரம் போய்விட்டது. பை இன்னும் மூலையில் இருக்கிறது. பிரிக்கவும் இல்லை.

மார்ச் 18, புதன்

ஏலம் ரத்தாகிவிட்டது. எல்லாப் பெயர்களும் அவரவருக்கே திரும்புகின்றன. ஃபிரோஸ் செய்தி அனுப்பியிருந்தான். ஜெகதீசன் சார் இரண்டு நாளாக வாடிக்கையாளர்களை அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். உடுமலை நகைக்கடைக்காரர், மறைக்காமல் சொன்னதற்காகவே வேறெங்கும் போகமாட்டேன் என்றாராம். இரண்டு பேர் வழக்குப் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஃபிரோஸுக்கு வேலை இருக்கிறது, இப்போதைக்கு. எனக்கு இல்லை.

சசிதரன் சொன்னபடி அந்தப் பெட்டியில் சேர்ந்திருந்த அஞ்சல்களை அப்படியே அனுப்பிவைத்தார். லூர்து மேரி அம்மா மூக்குக்கண்ணாடியோடு கணினிமுன் உட்கார்ந்தார். பதினொரு அஞ்சல்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் எழுதினார். நான் தட்டச்சு செய்தேன், அவர் சொல்லச் சொல்ல. நடுவில் ஒன்றைத் திறந்துவிட்டு நிறுத்தினார்.

"இது கோயம்புத்தூரு. பேரு போடலை. பிள்ளையோட வரலாமான்னு கேட்டிருக்கு. எழுதுங்கம்மா: தாராளமா வாங்க..."

என் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே இருந்தன.

"அதுக்குப் பதில் வேண்டாங்கம்மா," என்றேன். "அது நான்தான்."

அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "அப்ப அடுத்ததைப் பாப்போம்," என்றார். ஆனால் கையை நீட்டி என் தோளில் வைத்துக்கொண்டார், கடைசி அஞ்சல் வரை எடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

என் கணவரை நானே அழைத்தேன். வரமாட்டேன் என்றேன். "எவன்டி சொல்லிக் குடுத்தான்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு வளர்மதிக்குத் தலை பின்னிவிட்டேன். கோணல்தான்.

மார்ச் 21, சனி

அனைத்து மகளிர் காவல் நிலையம். புகார் கொடுக்கப் போனோம். லூர்து மேரி அம்மா கூட வந்தார். இதழினியை விட்டுவர இடமில்லை என்று இல்லை, அவள்தான் கையை விடவில்லை. வெளிப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கதவருகே வந்து நின்றுகொண்டாள்.

உதவி ஆய்வாளர் முப்பது வயதுக்குள் இருப்பார். அவசரப்படுத்தவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபக்காரர் என்றேன். வேலை அலைச்சல் என்றேன். சில சமயம் கை நீண்டுவிடும் என்றேன்.

"அடிப்பாரா?" என்று கேட்டார்.

"அடிப்பார்." சொல்லிவிட்டேன். குக்கர் இல்லை, கதவு இல்லை. பதினொரு வருடமாக என் கணவர் என்னை அடிக்கிறார். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"குழந்தை முன்னாடியா?"

"இல்லைங்க. அவளுக்கு எதுவும் தெரியாது. அவ டிவி பாத்துட்டிருப்பா. கதவைச் சாத்திக்குவோம்."

அப்போது இதழினி உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அந்த உதவி ஆய்வாளரைப் பார்த்துத்தான் சொன்னாள். வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது.

"சத்தம் எனக்குக் கேக்கக்கூடாதுன்னு அம்மா கத்தவே மாட்டாங்க. எனக்குக் கேக்கலைன்னு அம்மா நினைச்சுக்கட்டும்னு நான் டிவியைச் சத்தமா வெச்சுக்குவேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பேனாவை மூடி வைத்துவிட்டு இழுப்பறையில் எதையோ தேடினார். ஒன்றும் எடுக்கவில்லை. லூர்து மேரி அம்மா இதழினியைத் தன் மடியில் இழுத்து உட்காரவைத்தார். ஒன்பது வயதுப் பெண், கால் தரையைத் தொட்டது. நான் அழுதேன், சத்தமாக. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

இதழினி இன்று பகலெல்லாம் தூங்கினாள். தெருவில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டில் மிக்ஸி, வளர்மதியும் நானும் பேசிக்கொண்டே இருந்தோம். கோவை வீட்டில் கதவுச் சத்தத்துக்கே விழித்துக்கொள்பவள், இங்கே எதற்கும் அசையவில்லை. எழுப்பாமல் விட்டுவிட்டேன்.